எதிர்காலக் கற்றலுக்குப் பள்ளி தயாராவது என்றால், முதலில் எதில் கை வைப்பது?

1. ஏரிக்கரை டீச்சர் (திருவண்ணாமலை மாவட்டம்)

எல்லோருக்கும் வணக்கம். நான் அரசு நடுநிலைப் பள்ளியில் தமிழும் சமூக அறிவியலும் எடுக்கிறேன். வரும் சனிக்கிழமை, சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் எங்கள் குறுவள மையக் கூட்டத்தில் ‘எதிர்காலக் கற்றலுக்கு ஆசிரியர்களும் பள்ளியும் தயாராவது எப்படி’ என்று 20 நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் ஸ்மார்ட் போர்டு, ஏஐ, ரோபோ என்று நாலு ஸ்லைடு போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் போன வாரம் வகுப்பில் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவே இல்லை. அதைச் சொல்லிவிட்டுக் கேட்கிறேன்.

ஏழாம் வகுப்பில் 34 பேர். ‘எங்கள் ஊர் ஏரி’ என்று கட்டுரை எழுதி வரச் சொன்னேன். 11 ஏடுகளில் ஏறக்குறைய ஒரே கட்டுரை. ஏரியில் தாமரை பூத்துக் குலுங்குகிறது, மாலையில் மக்கள் படகில் சுற்றி மகிழ்கிறார்கள், வெளிநாட்டுப் பறவைகள் வருகின்றன. எங்கள் ஏரி முழுக்கச் சீமைக்கருவேல மரம். படகை இவர்கள் நேரில் பார்த்ததே கிடையாது. வீட்டுப் போனில் இருக்கும் ஏஐ செயலியிடம் தலைப்பைச் சொல்லி, வந்ததை அப்படியே எழுதி வந்திருக்கிறார்கள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை, கையெழுத்தும் அழகு.

நான் திட்டவில்லை. மறுநாள் அதே தலைப்பையே திரும்பக் கொடுத்தேன். ஆனால் நாலு கேள்விக்கு வீட்டுப் பெரியவர்களிடம் பதில் கேட்டு வர வேண்டும். மதகு எங்கே இருக்கிறது? உபரித் தண்ணீர் வழியும் கலங்கல் எங்கே? ஏரி கடைசியாக எந்த வருடம் நிரம்பிக் கோடி போனது? வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டவர் யார்? எப்போதும் நாலு வரிக்கு மேல் எழுதாத ஒரு பையன் ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தான். அவனுடைய தாத்தாதான் வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஊர் நீர்க்கட்டியாம். அறுவடை முடிந்ததும் களத்து மேட்டிலேயே அவருக்கு நெல் அளந்து கொடுப்பார்களாம். ராத்திரி மழை பெய்தால் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு மதகைப் பார்க்கப் போவாராம். ‘ற’வுக்கு ‘ர’, ‘ழ’வுக்கு ‘ல’ என்று பக்கம் முழுக்கப் பிழைகள். ஆனால் ஒவ்வொரு வரியும் அவனுடையது.

அதே வகுப்பில் எட்டுப் பேர் கரும்பலகையில் எழுதியதை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள். அந்தப் படகுக் கட்டுரையை எழுதியவர்களில் மூன்று பேர் இந்த எட்டில் அடக்கம். தாங்கள் எழுதியதை அவர்களால் படித்துக் காட்ட முடியவில்லை. இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இந்த வகுப்பை வைத்துக்கொண்டு எதிர்காலத்துக்குத் தயாராவது என்றால், முதலில் எதில் கை வைப்பது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

2. பொறிஞன் (கோயம்புத்தூர்)

நான் ஆசிரியர் இல்லை, மென்பொருள் துறையில் வேலை. அரசுப் பள்ளியில் படித்து வந்தவன். அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

ஏஐயைப் பார்த்துப் பயந்து ஒதுக்கினால் நஷ்டம் நம் பிள்ளைகளுக்குத்தான். நகரத்துத் தனியார் பள்ளிப் பிள்ளை வீட்டில் அப்பாவின் லேப்டாப்பில் அதைப் பழகிக்கொண்டுதான் இருக்கிறான். 2011இல் அரசு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோதும், ‘படம் பார்த்துக் கெட்டுப்போவான்கள்’ என்று பேசியவர்கள் உண்டு. எங்கள் தெருவில் அந்த மடிக்கணினியை வைத்தே தட்டச்சும் அடிப்படை நிரலாக்கமும் கற்றுக்கொண்டு வேலைக்குப் போனவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டு பேர். இப்போது ‘டிஎன் ஸ்பார்க்’ என்று நடுநிலை வகுப்புகளுக்கே ஏஐ, ரோபோட்டிக்ஸ் பாடம் வருகிறது. தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறை, ஆசிரியர்களுக்குக் கைக்கணினி எல்லாம் வந்தாயிற்று. இதையெல்லாம் முழுசாகப் பயன்படுத்துவது எப்படி என்று பேசுங்கள், டீச்சர். கருவி கைக்கு வந்த பிறகும் நாம் தயங்கி நிற்கக் கூடாது.

3. பழைய கரும்பலகை (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விழுப்புரம்)

தம்பி பொறிஞன் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் கருவி கைக்கு வந்தபோது என்ன ஆயிற்று என்று நான் ஒரு முறை முழுசாகப் பார்த்தவன். அதைச் சொன்னால் உதவும்.

2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவில் உள்ள ரிஷிவேலிப் பள்ளியின் கிராமப்புற மையம் உருவாக்கிய முறைதான் அதற்கு முன்மாதிரி. எம்.பி. விஜயகுமார் ஐஏஎஸ் முன்னின்று அதை வளர்த்தார். 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தது. பாடம் முழுவதையும் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்திருப்பார்கள். சுவரில் கற்றல் ஏணி. பிள்ளை ஏணியில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்து, அந்தச் சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்துக்கொண்டு போய்ப் பாயில் உட்காரும். ஆசிரியர் முழுசாக உதவ வேண்டிய குழு, கொஞ்சம் உதவினால் போதும் என்கிற குழு, கூடப் படிக்கிற பிள்ளை உதவும் குழு, தானே படிக்கும் குழு என்று தனித்தனி வட்டங்கள். சுவரின் கீழ்ப்பக்கம் பிள்ளைகள் எழுதக் கரும்பலகை, ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். மூன்று நாள் வராத பிள்ளை திரும்பி வந்தால், விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். இன்றைக்கு ஏஐ செயலிகள் ‘ஒவ்வொரு மாணவருக்கும் அவரவர் வேகத்தில்’ என்று விளம்பரம் செய்கின்றனவே, அதை அட்டையையும் பாயையும் வைத்துச் செய்தோம்.

எங்கள் பள்ளியில் முதல் வருடம் தள்ளாட்டம்தான். நானே எதிர்த்தேன். நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார எனக்கு மனம் ஒப்பவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வருடம், மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒன்றாம் வகுப்புப் பையனுக்கு ‘ஔ’ எழுதக் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. வேறு சில பள்ளிகளிலோ அட்டைகள் தொலைந்துவிடும் என்று இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, அதிகாரி வரும் நாளில் மட்டும் எடுத்துப் பரப்பினார்கள். அந்த ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்த மாற்றம் எதற்கு என்று யாரும் அவர்களோடு உட்கார்ந்து பேசவில்லை. மாநில அளவில் பத்து நாளாக நடந்த பயிற்சி மாவட்டத்துக்கு ஐந்து நாளாகி, வட்டாரத்துக்கு இரண்டு நாளாக வந்து சேரும். கடைசியில் கையில் மிஞ்சுவது கையெழுத்துப் போட்ட வருகைத் தாள்.

அதனால் அந்த 20 நிமிடத்தில் கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், ஆசிரியர் மனசு எப்படி மாறுகிறது என்பதைப் பேசுங்கள்.

4. மிதுன் அம்மா (திருப்பூர்)

எனக்கு இதில் பேசத் தகுதி உண்டா தெரியவில்லை. பையன் அரசுப் பள்ளியில் எட்டாவது. நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனி. ஒன்றரை ஷிஃப்ட் முடிந்து வர எட்டரை, ஒன்பது ஆகும். இணையம் உள்ள போன் வீட்டில் ஒன்றுதான், அதுவும் அவரோடு வேலைக்குப் போய்விடும். வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் சாயங்காலம் நாலரைக்கு வரும். நாங்கள் வீட்டுக்கு வந்து போனைக் கொடுக்கும்போது பையன் பாதித் தூக்கத்தில் இருப்பான். அந்த நேரத்தில் அவசர அவசரமாகப் பார்த்து எழுதுகிறானே, அதில் எங்கிருந்து டீச்சர் யோசனை வரும்?

உங்கள் மாணவர்கள் ஏஐயைப் பார்த்து எழுதியதற்கும் இப்படி ஒரு காரணம் இருக்கும். கூட்டத்தில் இதையும் சொல்லுங்கள். வீட்டுப்பாடத்தைப் போனில் அனுப்பாமல் வகுப்பிலேயே ஏட்டில் எழுதிக்கொடுத்து அனுப்பினால் போதும், எங்களுக்குப் பெரிய உதவி.

5. ஏரிக்கரை டீச்சர்

தகுதி பற்றி நீங்கள் கேட்கவே கூடாது, அக்கா. நீங்கள் சொன்ன பிறகுதான் அந்த 11 பேரையும் கூப்பிட்டு, ‘கட்டுரையை எத்தனை மணிக்கு எழுதினீர்கள்’ என்று கேட்டேன். ஏழு பேர் ராத்திரி ஒன்பதுக்கு மேல் என்றார்கள். இதை நான் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

ஐயா, நீங்கள் சொன்ன செயல்வழிக் கற்றல் வகுப்பில்தான் நான் ஆசிரியர் பயிற்சி மாணவியாகக் கற்பித்தல் பயிற்சிக்குப் போயிருந்தேன். அந்தப் பாய்களும் ஏணியும் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

6. சீர்பிரிப்பவர் (உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர், தஞ்சாவூர்)

ஏஐயை வகுப்புக்குள் விடலாமா என்று கேட்டால், விடலாம் என்பேன். ஆனால் பதில் சொல்கிற இடத்தில் அதை உட்கார வைக்கக் கூடாது, திருத்தப்பட வேண்டிய விடைத்தாளாக வைக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

‘பொறுமை பற்றி மூன்று திருக்குறள் எழுது’ என்று ஒரு ஏஐ செயலியிடம் கேட்டு, வந்ததைத் தாளில் அச்செடுத்து ஐந்து குழுக்களுக்கும் கொடுத்தேன். ‘இதில் எது வள்ளுவர் எழுதியது, எது இல்லை?’ இவ்வளவுதான் கேள்வி. போன் கிடையாது. மேசையில் திருக்குறள் புத்தகம் மட்டும். முதல் இரண்டு நிமிடம் எல்லாரும், ‘மூன்றுமே குறள்தான் சார், பழைய தமிழ் மாதிரி இருக்கே’ என்றார்கள். அப்புறம் ஒரு பெண் கையைத் தூக்கி, ‘ரெண்டாவது அடியில் நாலு சீர் இருக்கு சார்’ என்றாள். முதல் அடிக்கு நான்கு, இரண்டாம் அடிக்கு மூன்று, மொத்தம் ஏழு சீர் என்று ஆறாம் வகுப்பிலிருந்து மனப்பாடமாகச் சொல்லி வந்த விஷயம். அன்றைக்குத்தான் அது எதற்கு உதவும் என்று அந்த வகுப்புக்குத் தெரிந்தது. பிறகு பொறையுடைமை அதிகாரத்தைத் திறந்து பத்துக் குறளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். மூன்றில் ஒன்று அச்சாகச் சரி. ஒன்றில் சொல் மாறியிருந்தது. ஒன்று புத்தகத்திலேயே இல்லை. நானாகப் பத்துக் குறளைப் படிக்கச் சொல்லியிருந்தால் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சீர் பிரிக்கத் தெரிந்ததால்தான் அந்தப் பெண்ணால் பிடிக்க முடிந்தது. பாடம் உள்ளே இருந்தால்தான் யந்திரத்தின் தப்பு வெளியே தெரியும். ‘எல்லாம் போனிலேயே இருக்கிறதே, எதற்கு மனப்பாடம்’ என்று பேசுகிறவர்களிடம் நான் இந்த வகுப்பைத்தான் சொல்வேன்.

7. பொறிஞன்

சார், இது அருமையான முறை. நன்றி.

பழைய கரும்பலகை ஐயாவுக்கு: நீங்கள் சொன்னதைப் படித்த பிறகு என் நிலைப்பாட்டைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன், ஆனால் கைவிடவில்லை. இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். பெரு நாட்டில் ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ என்று லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். 300க்கும் மேற்பட்ட பள்ளிகளை வைத்து ஆய்வு செய்தபோது, கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்துப் பள்ளி நேரத்துக்குப் பிறகு நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு நாலரை மாதம் பாடம் நடத்தினார்கள். அங்கே கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம். இரண்டிலும் கணினிதான். டெல்லியில் மென்பொருள் முதலில் பிள்ளைக்கு ஒரு தேர்வு வைத்து, எட்டாம் வகுப்பில் இருந்தாலும் அவன் நாலாம் வகுப்புக் கணக்கில் நிற்கிறான் என்றால் அங்கிருந்தே தொடங்கியது.

ஆக, நீங்கள் அட்டையை வைத்துச் செய்ததையும் அது கணினியை வைத்துச் செய்ததையும் ஒரே வேலை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 34 பேரின் ஏணிப்படியையும் ஒரு ஆசிரியர் தினமும் தலையில் வைத்திருப்பது கஷ்டம். அங்கே மென்பொருள் உதவும். அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

8. சிங்கைத் தமிழாசிரியர்

உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். எங்கள் ஊரை எல்லாரும் தொழில்நுட்பத்துக்காகத்தான் உதாரணம் காட்டுவார்கள். 2021 முடிவதற்குள் உயர்நிலை மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கற்றல் கருவி வந்துவிட்டது. நாடு முழுவதற்கும் பொதுவான இணையக் கற்றல் தளம் 2018 முதல் இருக்கிறது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய மாற்றமாகத் தெரிந்தது வேறு. அரையாண்டுத் தேர்வுகளைப் படிப்படியாக எடுத்துவிட்டார்கள். 2023க்குள் தொடக்கநிலை, உயர்நிலை இரண்டிலும் அது இல்லை. தேர்வுக்குத் தயார் செய்வது, தேர்வு எழுதுவது, தாள் திருத்துவது, திருத்தியதைத் திருப்பிக் கொடுப்பது என்று போன வாரங்கள் எங்கள் கைக்குத் திரும்பி வந்தன. புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்கு முன்னால் பழையதில் ஒன்றைக் கழித்தார்கள்.

இரண்டாவது, ஆசிரியருக்கு ஆண்டுக்கு 100 மணி நேரம் பயிற்சிக்கு உரிமை உண்டு. எந்தப் பயிற்சி தேவை என்று தேர்ந்தெடுப்பதில் ஆசிரியருக்கும் பங்கு உண்டு.

தமிழ் வாய்மொழித் தேர்வில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு மாணவர் ஆசிரியரோடு உரையாட வேண்டும். வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைகூட அதற்காகத் தமிழில் ஒரு கருத்தைச் சொல்லிப் பழகுகிறது. ஏஐ எழுதிக் கொடுத்த கட்டுரைக்கு மதிப்பெண் போடுவதா என்ற கவலை அங்கே எழவே எழாது. எதிரில் உட்கார்ந்து பேச வேண்டுமே.

எங்களிடமும் குறை இருக்கிறது. டியூஷன் சுமை குறையவில்லை. ஆனாலும் ‘எதைக் கழிக்கலாம்’ என்ற கேள்வியை உங்கள் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள், டீச்சர்.

9. ஈராசிரியர் பள்ளி (கள்ளக்குறிச்சி மாவட்டம்)

கழிப்பது என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்களுடையது தொடக்கப் பள்ளி, ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒன்று முதல் மூன்று வரை என்னிடம், ஒரே அறையில். சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்தபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்து வைத்துக்கொண்டு, பாட்டு, கதை, பொம்மலாட்டம் என்று நடத்தலாம். அரும்பில் இருந்த பிள்ளை மொட்டுக்கு நகரும் நாள் எனக்குத் தெரியும். முதல் நாள் ‘பட்டம்’ என்பதை ப-ட்-ட-ம் என்று உடைத்துப் படித்தவள், மறுநாள் ஒரே மூச்சில் படித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். இதற்காகத்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

ஆனால் அந்த நேரத்தில்தான் போன் அடிக்கும். ஏதாவது ஒரு விவரம் உடனே பதிவேற்ற வேண்டும். நெட் கிடைக்காமல் பள்ளிக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பேன். உள்ளே மூன்று வகுப்பும் காத்திருக்கும். சக ஆசிரியை விடுப்பு என்றால் ஐந்து வகுப்பும் என்னிடம். எதிர்காலக் கற்றல் என்று யார் பேச வந்தாலும் நான் கேட்பது இதைத்தான்: காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை எந்தப் பதிவேற்றமும் எங்களிடம் கேட்காதீர்கள். அந்த மூன்று மணி நேரத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள்.

10. வன்னி ஆசிரியர் (கிளிநொச்சி)

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் உரையாடல் எங்களுக்கும் பொருந்துகிறது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்.

2022இல் பொருளாதார நெருக்கடியின்போது தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். மின்வெட்டு நீண்ட நேரம் இருந்தது. அதற்கு முன் கொரோனாக் காலத்தில் இணைய வகுப்புக்கு அலைவரிசை தேடி மலையகத்துப் பிள்ளைகள் குன்றிலும் மரத்திலும் ஏறியதை நாடே பார்த்தது. எங்கள் பாடசாலையில் ஆசிரியர்கள் குறிப்புகளை அச்சடித்து, பால் கொண்டுபோகிற பெரியவரிடம் வீடு வீடாகக் கொடுத்து அனுப்பினோம். ஒரு மாணவி விடைகளைத் தன் பழைய கொப்பியின் மிச்சத் தாள்களில் எழுதி அவரிடமே திருப்பி அனுப்பினாள்.

எனவே எந்தத் திட்டம் போட்டாலும் ‘மின்சாரம் இல்லாத ஒரு மாதம் வந்தால் இந்தப் பிள்ளை எப்படிப் படிக்கும்’ என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். கிராமத்தில் படித்த அக்காமார் நாலு பேரின் பெயரைத் தெரிந்துவைத்திருப்பதும் ஆயத்தம்தான்.

11. பழைய கரும்பலகை

வன்னித் தம்பி, மிகச் சரியாகச் சொன்னீர்கள். படித்த அக்காமார் என்றதும் இல்லம் தேடிக் கல்வி நினைவுக்கு வருகிறது. 2021 அக்டோபரில் எங்கள் மாவட்டம் மரக்காணம் பக்கம்தான் தொடங்கி வைத்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு, சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை, தெருவிலேயே ஒரு தன்னார்வலர் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் கிராமத்துப் பிள்ளைகள் சுமார் 19,000 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். கொரோனாவில் பள்ளி மூடியதால் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறே மாதத்தில் மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இந்தச் சாயங்கால வகுப்பால் வந்தது. அங்கே இருந்தது ஒரு பாய், ஒரு பல்பு, ஒரு பெண். அதோடு அந்தப் பெண்ணுக்கு அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாரையும் பெயர் சொல்லித் தெரியும்.

12. பத்தாம் வகுப்பு கணக்கு (மதுரை)

எல்லாம் நல்ல பேச்சு. ஆனால் எட்டாம் வகுப்பு வரைதான் இது நடக்கும் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். எங்களிடம் வந்ததும் பொதுத்தேர்வு. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்வது நான். 2017இல் மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தினார்கள், நல்லது. 2025 மாநிலக் கல்விக் கொள்கையோடு பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வும் போனது, அதுவும் நல்லது. ஆனாலும் கேள்வித்தாள் யோசிக்க வைக்கிற மாதிரி மாறாதவரை, நான் புத்தகத்தின் பின்பக்கக் கணக்கைத்தான் திரும்பத் திரும்பப் போட வைப்பேன். அந்தப் பிள்ளை பாஸாகி மேலே போவதற்கு இப்போதைக்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை. இதைச் சொல்ல எனக்கே வருத்தமாகத்தான் இருக்கிறது.

டீச்சர், உங்கள் எட்டுப் பேரைப் படிக்க வைத்து அனுப்பினாலே எனக்குப் பெரிய உபகாரம். கேள்வியைப் படிக்கத் தெரியாமல் கணக்கில் தோற்கிற பிள்ளைகள் எங்களிடம் நிறைய. ‘ஒரு கூம்பின் சாயுயரம்’ என்ற வரியில் ‘சாயுயரம்’ என்ற சொல்லிலேயே நின்றுவிடுவான். சூத்திரத்தைக் கேட்டால் சரியாகச் சொல்வான்.

13. ஏரிக்கரை டீச்சர்

கூட்டம் முடிந்துவிட்டது. உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

ஸ்லைடு எதுவும் எடுத்துப்போகவில்லை. இரண்டு கட்டுரை ஏடுகளை எடுத்துப்போனேன். படகுக் கட்டுரையைப் படித்துக் காட்டினேன், அப்புறம் நீர்க்கட்டித் தாத்தா கட்டுரையை. பெயர் சொல்லவில்லை. ‘இந்த இரண்டில் எதற்கு நீங்கள் அதிக மதிப்பெண் போடுவீர்கள்?’ என்று கேட்டேன். பாதிப் பேர் மனசாட்சியோடு, ‘பிழையில்லாமல் இருப்பதால் முதலாவதற்குத்தான் போட்டிருப்போம்’ என்றார்கள். நானும் அப்படித்தான் போட்டுவந்தேன். அங்கிருந்து பேச்சு தானாகக் கிளம்பிவிட்டது. சீர்பிரிப்பவர் சாரின் குறள் வகுப்பைச் சொன்னபோது மூன்று பேர் எழுதிக்கொண்டார்கள். மிதுன் அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு தலைமையாசிரியர் அங்கேயே எழுந்து, தன் பள்ளியில் இனி வீட்டுப்பாடம் ஏட்டில்தான் என்றார்.

எல்லாம் நல்லபடியாகப் போகவில்லை. காலை நேரத்தில் பதிவேற்றம் கேட்க வேண்டாம் என்ற கோரிக்கையை எழுதிக் கொடுத்தோம். ‘மேலே சொல்கிறேன்’ என்ற பதில்தான் கிடைத்தது. அதை விடாமல் கேட்கப் போகிறோம்.

எங்கள் பள்ளியில் நாங்களாகச் செய்யக்கூடிய ஒன்றைத் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆறு, ஏழு, எட்டு மூன்றுக்கும் முதல் பாடவேளை முழுக்க வாசிப்பு. வகுப்புப்படி இல்லாமல் நிலைப்படி பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைப்போம். ஆறு முதல் ஒன்பது வரை பின்தங்கிய பிள்ளைகளுக்குத் திறன் இயக்கம் இருக்கிறது. அதன் பயிற்சி நூலையும் இந்த நேரத்திலேயே வைத்துக்கொள்வோம். பொறிஞன் தம்பி, யார் எந்த நிலையில் என்று குறித்துவைக்க எளிய செயலி இருந்தால் நீங்கள் காட்டித் தாருங்கள். நெட் இல்லாமலும் அது வேலை செய்ய வேண்டும்.

முதல் நாளே ஒரு சிக்கல். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பையன்களுக்கு மீசை அரும்புகிறது. ஒன்றாம் வகுப்பு ‘அணில், ஆடு’ படப் புத்தகத்தைக் கையில் கொடுத்ததும் மேசைக்குக் கீழே மறைத்துக்கொண்டான் ஒருவன். அப்போதுதான் தோன்றியது: அட்டைகளை நாங்களே செய்தால் என்ன? மதகு, கலங்கல், ஆயக்கட்டு, களம், நெல், அரிக்கேன் என்று ஊர்ச் சொற்களை வைத்து. படம் அவர்களே வரைவார்கள். நீர்க்கட்டித் தாத்தாவைச் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவர் சொல்லச் சொல்ல நன்றாக எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்வார்கள். அதுதான் எங்கள் முதல் வாசிப்புப் பாடம்.

ஐயா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எந்த எழுத்தில் தொடங்கி எதற்குப் போவது, அட்டைக்கு எத்தனை சொல் என்று அந்த ஏணியின் வரிசை எனக்கு மறந்துவிட்டது. உங்களிடம் பழைய அட்டை ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

14. பழைய கரும்பலகை

பரணில் ஒரு செட் இருக்கிறது அம்மா. ஓய்வு பெற்ற அன்று கேட்டு வாங்கி வந்தேன். தமிழ் அட்டைகள் முழுசாக இருக்கின்றன, கணக்கில்தான் சில காணோம். ட, ப, ம என்று எளிதாக எழுத வரும் எழுத்துகளில் ஆரம்பித்துப் போகும், பார்த்தால் உங்களுக்கே பிடிபட்டுவிடும். உங்கள் ‘மதகு’ அட்டைக்கு முன்னால் ‘படம்’, ‘மடம்’ மாதிரி இரண்டு மூன்று சொல் வர வேண்டியிருக்கும்.

என் மருமகன் திங்கட்கிழமை காலை திருவண்ணாமலை வருகிறான். பஸ் ஸ்டாண்டில் யார் வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று மட்டும் தனிச் செய்தியில் சொல்லுங்கள். பெட்டி கொஞ்சம் கனம், இரண்டு பேராக வரச் சொல்லுங்கள்.